தென்னூரிலிருந்து நடக்கிற தூரத்தில்

திருச்சிக்கு வருகிறவர்கள் யாரும் தென்னூரைப் பார்ப்பதற்கென்று வருவதில்லை. மலைக்கோட்டைக்கோ ஸ்ரீரங்கத்துக்கோ போகிற ஆட்டோ அதை ஓரமாகத் தொட்டுக்கொண்டு போய்விடும். ஆனால் ஓர் ஊரின் தொழில் எங்கே உட்கார்ந்திருக்கிறது, ஏன் அந்த இடத்தை விட்டு எழுந்திருக்க மறுக்கிறது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவருக்குத் தங்குவதற்கு இதைவிடத் தோதான இடம் கிடையாது. வடகிழக்கே கோட்டை ஸ்டேஷனும் மேலப்புலிவார்டு ரோடும். மேற்கே தில்லை நகர். தென்மேற்கே புத்தூர், தெற்கே கண்டோன்மெண்ட். எல்லாமே காலாற நடந்து சேர்ந்துவிடுகிற தொலைவு.

நான் கொண்டுவந்திருந்த கேள்வி இது. ஒரே அளவு முதல், ஒரே மாதிரி ஆட்கள், ஒரே கம்பெனி இயந்திரம் வைத்திருக்கிற இரண்டு தொழில்களில், நெரிசலான தெருவில் இருப்பது ஏன் கூடுதலாக வேலை முடிக்கிறது? அங்கே வாடகை அதிகம், இரைச்சல் அதிகம், வண்டி நிறுத்த இடமில்லை. செலவை மட்டும் பார்த்தால் எல்லாரும் எப்போதோ பைபாஸ் ஓரத்துக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. 1996-இல் ஆன்டோனியோ சிக்கோனே, ராபர்ட் ஹால் என்ற பொருளாதார அறிஞர்கள் அமெரிக்க மாநிலங்களை வைத்துச் செய்த ஆய்வில், வேலை செய்வோரின் நெருக்கம் இரு மடங்காகும்போது அவர்களின் உற்பத்தித்திறன் சுமார் 6 சதவீதம் கூடுவதாகக் கண்டார்கள். சின்ன எண்ணாகத்தான் தெரியும். ஆனால் தென்னூரை நகரத்துக்கு வெளியே இருக்கும் ஒரு பொட்டலோடு ஒப்பிட்டால் நெருக்கம் ஒருமுறை இரட்டிப்பதோடு நிற்காது. அதே விகிதம் இங்கேயும் பொருந்தும் என்று வைத்துக்கொண்டால், நான்கு முறை இரட்டித்தாலே கால் பங்கு வேலை கூடிவிடுகிறது. அந்தக் கால் பங்கு முதலாளியின் கணக்குப் புத்தகத்தில் எந்தப் பத்தியிலும் இருக்காது. அது எங்கே இருக்கிறது என்று பார்க்கத்தான் ஒரு காலையில் சாஸ்திரி ரோடு வழியாகத் தில்லை நகருக்குள் நடந்தேன்.

தில்லை நகர் வீடு கட்டிக் குடியிருப்பதற்காகப் போட்ட நகர். நேர்நேரான தெருக்கள், எண் போட்ட கிராஸ்கள், ஒரு காலத்தில் முன்புறம் தோட்டம் வைத்த வீடுகள். இன்று அந்தத் தோட்டங்களில் மருந்துக் கடைகள் நிற்கின்றன. எலும்பு முறிவு வைத்தியர், அவருக்கு எதிரே எக்ஸ்ரே, எக்ஸ்ரேவுக்கு மாடியில் பிசியோதெரபி, கீழே இடுப்புப் பட்டையும் ஊன்றுகோலும் விற்கிற கடை. நாலு வீடு தள்ளி ரத்தப் பரிசோதனைக் கூடம். நோயாளியோடு வந்தவர்கள் சாப்பிட ஒரு மெஸ், ராத்தங்க ஒரு லாட்ஜ், வாசலில் இளநீர் வண்டி. புத்தூரில் அரசு மருத்துவமனை நடக்கிற தூரத்தில் இருக்கிறது. தென்னூரில் உயரமாக எழும்பி நிற்கும் காவேரி மருத்துவமனை 1999-இல் திருச்சியில் தொடங்கி, இன்று சென்னை, சேலம், ஓசூர் வரை கிளை விட்டிருக்கிறது. பெரம்பலூர், அரியலூர், புதுக்கோட்டை, கரூர்ப் பக்கமிருந்து முதல் பஸ்ஸில் கிளம்பியவர்கள் ஒன்பது மணிக்கெல்லாம் கையில் பெரிய ஸ்கேன் கவரோடு இந்தத் தெருக்களில் விலாசம் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

ஒரு சின்னப் பரிசோதனைக் கூடத்தில் உட்கார இடம் கொடுத்தார்கள். நடத்துகிறவர் நாற்பது வயதுக்காரர், இரண்டு டெக்னீஷியன்களோடு தானும் சேர்ந்து வேலை பார்க்கிறார். நெரிசலில் இருப்பதால் அவருக்கு என்ன லாபம் என்று கேட்டேன். நோயாளிகள் நிறைய வருவார்கள் என்ற பதிலைத்தான் எதிர்பார்த்தேன். அவர் வேறொன்றைச் சொன்னார்.

"போன வாரம் அனலைசர் மக்கர் பண்ணிடுச்சு சார். சாம்பிளை எல்லாம் ரெண்டு கட்டடம் தள்ளி இருக்கிற லேபுக்குத் தூக்கிட்டுப் போய் ஓட்டிக்கிட்டு வந்தோம். சாயங்காலம் ரிப்போர்ட் நேரத்துக்குப் போயிடுச்சு. அவங்களுக்கு இப்படி ஆனா இங்க வருவாங்க. ரீஏஜென்ட் தீர்ந்தா ஒரு போன், டூ-வீலர்ல வந்துடும். அதனால நிறைய வாங்கி அடுக்கி வைக்கிறதில்ல. சர்வீஸ் இன்ஜினீயர் இந்தத் தெருவுக்கு வராத நாளே கிடையாது, போற போக்குல எட்டிப் பாத்துட்டுப் போவாரு."

இதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். பைபாஸ் ஓரத்தில் தனியாக ஒரு கூடம் வைத்தால், இயந்திரம் நிற்கும் நாளுக்காக இரண்டாவது இயந்திரம் வாங்க வேண்டும். ரீஏஜென்ட் ஒரு மாதத்துக்கு இருப்பு வைக்க வேண்டும், அதைக் குளிரில் வைக்கப் பெட்டி வேண்டும், கரண்ட் போனால் ஜெனரேட்டர் வேண்டும். அத்தனைக்கும் வட்டி ஓடும். தில்லை நகர்க் கூடமோ பக்கத்துக் கூடத்தின் சும்மா இருக்கும் நேரத்தைத் தன் இரண்டாவது இயந்திரமாக வைத்திருக்கிறது, விற்பனையாளரின் கிடங்கைத் தன் கிடங்காக வைத்திருக்கிறது. குறைந்த முதலில் அதே வேலை முடிகிறது. உற்பத்தித்திறன் என்று அறிஞர்கள் சொல்வது கடைசியில் இந்த இரண்டு கட்டடத் தொலைவுதான்.

ஆட்கள் விஷயத்திலும் அப்படியே. ஒரு சிறிய நர்சிங் ஹோமுக்கு மயக்க மருந்து டாக்டர் முழு நாளும் தேவையில்லை. ஆனால் அவர் இல்லாமல் ஒரு அறுவை சிகிச்சையும் நடக்காது. இங்கே ஒரே டாக்டர் காலை ஆறரைக்கு ஓரிடத்தில் ஹெர்னியா, எட்டுக்கு இன்னோரிடத்தில் சிசேரியன், பத்தரைக்கு மூன்றாவது இடத்தில் பித்தப்பை என்று போய்க்கொண்டிருக்கிறார். இடையில் நடக்கும் நேரம் ஐந்து நிமிடம். ஐந்து சிறிய மருத்துவமனைகள் ஒரு நிபுணரைப் பகிர்ந்துகொள்கின்றன. அவருக்கும் வேலைக்குக் குறைவில்லை. அவர் ஒரு பைபாஸ் மருத்துவமனைக்குப் போய்த் திரும்பினால் ஒரு காலைப்பொழுதே போய்விடும். அந்த மருத்துவமனை அவரை முழுச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ள வேண்டும், அல்லது வாரத்தில் ஒரு நாளுக்கு அறுவை சிகிச்சைகளைச் சேர்த்து வைக்க வேண்டும். காத்திருப்பது யார் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

1890-இல் வெளியான பொருளாதார நூலில் ஆல்ஃப்ரெட் மார்ஷல் இங்கிலாந்தின் தொழில் நகரங்களைப் பார்த்து மூன்று காரணங்களைச் சொன்னார். கைத்திறன் உள்ள ஆட்கள் ஒரே இடத்தில் கிடைப்பது, உதிரிப்பொருள் தருகிறவர்கள் பக்கத்தில் கூடுவது, தொழில் நுணுக்கம் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தானாகத் தொற்றுவது. மூன்றும் தில்லை நகரில் கண்ணெதிரே நடக்கிறது. ஆனால் எவ்வளவு தூரம் வரை நடக்கும்? நியூயார்க்கின் மன்ஹாட்டனில் விளம்பர நிறுவனங்களை வைத்து அர்ஸாகி, ஹெண்டர்சன் இருவரும் 2008-இல் வெளியிட்ட ஆய்வு, ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருப்பதால் கிடைக்கும் பலன் 750 மீட்டருக்குள் கரைந்துபோகிறது என்று கண்டது. தொழில் வேறு, ஊர் வேறு. இருந்தாலும் அந்த அளவைத் தில்லை நகரில் வைத்துப் பார்த்தேன். ஆட்டோ தேவைப்படாத தூரம் அது. ஒரு சாம்பிள் பெட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு வெயிலில் மூச்சு வாங்காமல் போகக்கூடிய தூரம்.

இந்தப் பலன் யாருக்குப் போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். கூடத்துக்காரர் தருகிற வாடகை அவருடைய மிகப் பெரிய மாதச் செலவு. இந்தத் தெருவின் நெருக்கத்தை உண்டாக்கியவர்கள் டாக்டர்களும் டெக்னீஷியன்களும் நோயாளிகளும். அறுவடை செய்கிறவர் மனையின் சொந்தக்காரர். அவர் ஒன்றும் செய்யாமலேயே அது அவர் கைக்கு வருகிறது. இதில் ஒரு பங்கைச் சொத்து வரியாக வாங்குகிற மாநகராட்சி, திருப்பி நடைபாதையாகத் தர வேண்டும் என்பது என் கருத்து. கட்டுப் போட்ட காலோடு ஒரு பெரியவர் ஸ்கேன் எடுக்க எதிர்ச்சாரிக்குப் போவதற்குள் மூன்று பைக்குகள் அவரை உரசிக்கொண்டு போனதைப் பார்த்தேன். நடந்து போக முடிவதால்தான் இந்த வட்டாரம் பிழைக்கிறது. அதில் நடக்க இடமில்லாமல் விடுவது அதன் மூலதனத்தையே அரிப்பதாகும்.

மறுநாள், பெரிய ஆலைகள் இருக்கும் துவாக்குடிக்குக் கிளம்பினேன். போகும் வழியில் பொன்மலையில் இறங்கி ரயில்வே பணிமனையைச் சுற்றிய காலனித் தெருக்களில் கொஞ்சம் நடந்தேன். தென்னிந்திய ரயில்வேயின் பணிமனை முதலில் நாகப்பட்டினத்தில் இருந்தது. 1928-இல் அது பொன்மலைக்கு வந்தது. வந்தபோது இயந்திரங்கள் மட்டும் வரவில்லை. தொழிலாளர்களுக்கு வீடு, சந்தை, பள்ளி, ஆஸ்பத்திரி என்று ஒரு நகரியமே எழுந்தது. ஒரே முதலாளி, ஒரே உத்தரவு என்பதால் ஒரு நெருக்கத்தைப் பிடுங்கி இன்னோரிடத்தில் நட முடிந்தது. நாகப்பட்டினம் அதன் பிறகு அந்த இடத்தை நிரப்பவேயில்லை. இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும், திருச்சியின் மொத்தக் காய்கறிச் சந்தையான காந்தி மார்க்கெட்டுக்குப் போகும்போது தேவைப்படும்.

துவாக்குடி, திருவெறும்பூர்ப் பக்கம் தென்னூருக்கு நேரெதிரான நிலம். அகலச் சாலை, நீளமான காம்பவுண்டுச் சுவர், சுவருக்குப் பின்னால் புகைபோக்கி. 1965-இல் செக்கோஸ்லோவாக்கியாவின் உதவியோடு இங்கே வந்த பாரத மிகுமின் நிறுவனத்தின் உயரழுத்தக் கொதிகலன் ஆலையைத் திருச்சிக்காரர்கள் 'பெல்' என்றுதான் சொல்வார்கள். அதற்கு முந்தைய ஆண்டு மண்டலப் பொறியியல் கல்லூரி தொடங்கியிருந்தது, இன்றைய என்.ஐ.டி. அடுத்த ஆண்டு துப்பாக்கித் தொழிற்சாலை. 1975-இல் பெல் வளாகத்திலேயே வெல்டிங் ஆராய்ச்சி நிலையம். பெல்லின் வேலையை வாங்கிச் செய்வதற்காக நூற்றுக்கணக்கான ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் துவாக்குடி சிட்கோ தொழிற்பேட்டையிலும் அரியமங்கலத்திலும் முளைத்தன. உயர் அழுத்தக் குழாயை எக்ஸ்ரேயில் குறை தெரியாமல் ஒட்டவைக்கும் ஐ.பி.ஆர். (இந்தியக் கொதிகலன் விதிமுறை) வெல்டர் வேண்டுமென்றால் நாட்டில் எந்த மூலையிலிருந்தும் திருச்சிக்குத்தான் போன் வரும் என்கிற பேர் இப்படி வந்தது.

ஒரு பெரிய ஆலை வந்தால் சுற்றியுள்ள ஆலைகளும் தேறுமா என்பதை அமெரிக்காவில் கிரீன்ஸ்டோன், ஹார்ன்பெக், மொரெட்டி மூவரும் அளந்திருக்கிறார்கள். 2010-இல் வெளிவந்த அந்த ஆய்வில், பெரிய ஆலையைப் போட்டியில் வென்ற மாவட்டங்களின் பழைய ஆலைகள் ஐந்தாண்டு கழித்து, அந்தப் போட்டியில் தோற்ற மாவட்டங்களின் ஆலைகளைவிட 12 சதவீதம் கூடுதல் உற்பத்தித்திறனோடு இருந்தன. பெல் திருச்சிக்குச் செய்தது இந்த வகை உதவிதான். இங்குள்ள டீக்கடையில் நின்றாலே எந்தப் பட்டறைக்கு எத்தனை டன் வந்திருக்கிறது, எங்கே வெல்டர் தேடுகிறார்கள் என்பது காதில் விழுகிறது.

ஆனால் 1961-இல் பெஞ்சமின் சினிட்ஸ் எழுதிய ஒரு கட்டுரை இருக்கிறது. உருக்கு ஆலைகளின் பிட்ஸ்பர்க்கையும் சில்லறைத் தொழில்கள் ஆயிரம் மண்டிய நியூயார்க்கையும் ஒப்பிட்ட அவர், சில பெரிய நிறுவனங்களின் நிழலில் வளரும் ஊரில் தானாகக் கிளம்பும் சிறு முதலாளிகள் குறைவு என்றார். கடன் கொடுப்பவர், சரக்கு கொடுப்பவர், கணக்கு எழுதுபவர் எல்லாரும் பெரிய ஆலையின் அளவுக்கே பழகிப்போகிறார்கள். துவாக்குடியில் அதைப் பார்க்க முடிகிறது. 2010-களில் அனல்மின் நிலைய ஆர்டர்கள் வற்றியபோது, ஒரே வாடிக்கையாளரை நம்பியிருந்த பட்டறைகள் வரிசையாகப் படுத்தன. வங்கிக் கடன் வாராக் கடனானது, கிரேன்கள் துருப்பிடித்தன, நல்ல வெல்டர்கள் வளைகுடாவுக்கு ஏறினார்கள்.

"இருபது வருஷம் டிராயிங்கும் அவங்களே கொடுத்தாங்க, இரும்பும் அவங்களே கொடுத்தாங்க. வெட்டி, வளைச்சு, ஒட்டிக் கொடுத்தா போதும். மார்க்கெட்டிங்னு ஒரு ஆளே நாங்க வெச்சதில்ல. ஆர்டர் நின்னப்பத்தான் வெளியில யார்கிட்டப் போய்க் கேக்கறதுன்னே தெரியலைன்னு தெரிஞ்சுது" என்றார் ஒரு பட்டறைக்காரர். அவரிடம் இப்போது ரயில்வே வேலையும் காற்றாலைக் கோபுர வேலையும் கொஞ்சம் இருக்கிறது. அனல்மின் ஆர்டர்களும் கடந்த சில ஆண்டுகளில் திரும்ப வரத் தொடங்கியிருக்கின்றன. 2019 ஜனவரியில் தமிழ்நாட்டின் பாதுகாப்புத் தளவாடத் தொழில் வழித்தடம் திருச்சியில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. இவையெல்லாம் நம்பிக்கை தருகிற செய்திகளே. ஆனாலும் துவாக்குடியில் பட்டறைகள் பக்கம் பக்கமாக இருந்தும் ஒன்றையொன்று பார்க்கவில்லை, எல்லாம் ஒரே வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தன. தில்லை நகரில் ஒரு டாக்டர் மூடினால் கூடத்துக்காரருக்கு ஒன்பது டாக்டர்கள் மிச்சம் இருக்கிறார்கள். நெருக்கம் என்று இரண்டையும் ஒரே பெயரில் சொல்லிவிட முடியாது.

இந்தியா முழுவதும் இன்னொரு போக்கும் உண்டு. எஜாஸ் கனி முதலியோர் 2012-இல் காட்டியபடி, பதிவுபெற்ற பெரிய ஆலைகள் நகரத்தை விட்டுக் கிராமப்புறத்துக்கு நகர்கின்றன, பதிவில்லாத சிறு தொழில்கள் நகரத்துக்குள் வருகின்றன. நிலம் அதிகம் வேண்டியவன் வெளியே போகிறான். மனிதர்கள் அதிகம் வேண்டியவன் உள்ளே வருகிறான். யாரும் உத்தரவு போடாமலே இது நடக்கிறது. உத்தரவு போட்டு நடத்தப் பார்த்த கதை ஒன்று திருச்சியில் இருக்கிறது.

அதற்கு முன் தென்னூர் உழவர் சந்தை. 1999-இல் தொடங்கிய திட்டத்தின் சந்தைகளில் ஒன்று, விடிவதற்குள் கீரைக்கட்டுகளோடு விவசாயிகள் வந்துவிடுகிறார்கள், வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிடுகிறது. வாங்குகிறவர் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தால் போதும் என்பதால் இப்படிப்பட்ட சந்தையைப் பேட்டைக்கு ஒன்றாகப் பிரித்து வைக்கலாம், கெட்டுப்போகாது. மொத்த வியாபாரத்துக்கு அந்த வசதி கிடையாது.

காந்தி மார்க்கெட்டை நள்ளிரவுக்கு மேல் பார்க்க வேண்டும். லாரிகள் ஒவ்வொன்றாக உள்ளே நுழைய, லோடுமேன்கள் தலைச் சும்மாட்டோடு காத்திருக்கிறார்கள். தக்காளிப் பெட்டி இறங்குகிற இடத்திலேயே விலை பேசி, அங்கேயே குட்டியானையில் ஏற்றி அனுப்பிவிடுகிறார்கள். வாழை இலைக் கட்டு, தேங்காய், உருளை, கறிவேப்பிலை, பூ என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சந்து. காலடியில் சேறும் இலையும். அழுகல் வாடை தாங்க முடியவில்லை, ஒரு மூட்டையை நகர்த்த நாலு பேர் கத்த வேண்டியிருக்கிறது. இதைச் சீர்செய்ய வேண்டும் என்று எந்த அரசு நினைத்தாலும் அதில் தப்பில்லை.

அப்படி நினைத்துத்தான் மதுரை நெடுஞ்சாலையில், நகரத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில், மணிகண்டம் பக்கத்துக் கள்ளிக்குடியில் சுமார் 77 கோடி ரூபாய்ச் செலவில் காய்கறி, பழம், பூ மைய வணிக வளாகத்தைக் கட்டினார்கள். 800-க்கும் மேற்பட்ட கடைகள். 2017-இல் திறந்தார்கள். வியாபாரிகள் போகவில்லை. பேச்சுவார்த்தை, கெடு, வழக்கு, கடையடைப்பு என்று எல்லாம் நடந்தது. கடைகள் சிறியவை, மொத்தச் சரக்கை இறக்க இடம் போதாது என்பது வியாபாரிகள் திரும்பத் திரும்பச் சொன்ன குறை. அதைவிட ஆழமான காரணத்தை மண்ணச்சநல்லூர்ப் பக்கம் சின்னக் காய்கறிக் கடை வைத்திருக்கும் ஓர் அம்மாவிடம் காந்தி மார்க்கெட்டில் அந்த ராத்திரி கேட்டேன். கூடையை நிரப்பிக்கொண்டே பேசினார்.

"எல்லாரும் போனா நானும் போறேன் தம்பி, எனக்கென்ன. யாரு முதல்ல போறது? தக்காளி அங்க போயிட்டு இலையும் தேங்காயும் இங்க இருந்தா நான் ரெண்டு எடத்துக்கும் அலைய முடியுமா? எனக்கு மண்டிக்காரரு முந்தாநாள் சரக்குக்கு இன்னிக்குக் காசு வாங்குறாரு. தெனம் மூஞ்சியப் பாக்குறதால குடுக்குறாரு. புது எடத்துல போய் என்னான்னு நிப்பேன்?"

தினம் முகம் பார்ப்பதால் கிடைக்கும் கடன். இதற்கு ஈடு வைத்த நகை கிடையாது, எழுதிய பத்திரம் கிடையாது. அவர் நாளைக்கும் இதே சந்துக்கு வந்தாக வேண்டும் என்பதுதான் ஈடு. ஏமாற்றினால் சந்து முழுக்கத் தெரிந்துவிடும் என்பதுதான் பத்திரம். ஆறேழு மண்டிகள் அடுத்தடுத்து இருப்பதால் ஒரு மணி நேரத்தில் கொள்முதல் முடித்து முதல் பஸ்ஸைப் பிடித்துவிடுகிறார். கையில் முதலே இல்லாமல் ஒரு குடும்பம் கடை நடத்துவது இந்த ஏற்பாட்டினால்தான். கள்ளிக்குடித் திட்டம் போட்டவர்கள் கடைகளை எண்ணினார்கள், லாரிகள் திரும்ப அகலமான சாலை விட்டார்கள். இந்தக் கடன் எங்கே குடியேறும் என்று எந்த வரைபடத்திலும் கட்டம் போட முடியவில்லை.

மண்டிக்காரர் பக்கமும் அதே முடிச்சுதான். அவர் ஒருவர் மட்டும் கள்ளிக்குடிக்குப் போனால் அவருடைய வாடிக்கை பக்கத்துக் கடைக்குப் போய்விடும். எல்லாரும் போனால் ஒருவேளை எல்லாருக்குமே நல்லது. ஆனால் முதலில் போகிறவருக்கு நஷ்டம் உறுதி. பொன்மலையில் ஒரே முதலாளி இருந்ததால் இந்த முடிச்சு விழவில்லை. காந்தி மார்க்கெட்டில் ஆயிரக்கணக்கான முதலாளிகள்.

கள்ளிக்குடிக்கும் போய்ப் பார்த்தேன். நன்றாகத்தான் கட்டியிருக்கிறார்கள். காற்றோட்டம், தண்ணீர், லாரி நிற்க இடம், வெயிலில் பளிச்சென்ற தரை. பெரும்பாலான ஷட்டர்கள் இறங்கிக் கிடந்தன. மக்கள் பணத்தில் கட்டிய நல்ல கட்டடம் இப்படிக் கிடப்பது வருத்தமாக இருந்தது. வியாபாரிகள் பிடிவாதக்காரர்கள் என்று அங்கே நின்று சொல்வது எளிது. ஆனால் 2020-ஐ நினைத்துப் பார்க்க வேண்டும். கொரோனாவுக்காகக் காந்தி மார்க்கெட்டைப் பூட்டியபோது மொத்தக் காய்கறி வியாபாரம் பொன்மலை ஜி கார்னர் மைதானத்துக்குப் போனது. கூரை கிடையாது, மழை பெய்தால் சேறு. இருந்தும் மாதக்கணக்கில் வியாபாரம் நடந்தது. நகரத்துக்குப் பக்கம் என்பதோடு, எல்லாரும் சேர்ந்து ஒரே நேரத்தில் போனதுதான் காரணம். மார்க்கெட் திறந்ததும் எல்லாரும் ஒன்றாகவே திரும்பினார்கள். கட்டடம் இல்லாத இடத்தில் சந்தை கூடியது, சந்தை கூடாத இடத்தில் கட்டடம் நின்றது. திருச்சி தன் செலவில் நடத்திய பரிசோதனை இது, இதன் முடிவை வேறெங்கும் தேட வேண்டியதில்லை.

இப்போது இன்னொரு முயற்சி நடக்கிறது. பஞ்சப்பூரில் கலைஞர் பெயரில் ஒருங்கிணைந்த பேருந்து முனையம் 2025 மே மாதம் திறக்கப்பட்டது. அதன் பக்கத்திலேயே கனரக வாகன முனையம். பெரியார் பெயரில் ஒருங்கிணைந்த அங்காடிக்கும் அடிக்கல் நட்டிருக்கிறார்கள். கள்ளிக்குடியில் இல்லாத ஒன்று இங்கே இருக்கிறது. வெளியூர் பஸ்ஸும் லாரியும் சந்தையும் ஒரே இடத்தில் சேர்கின்றன. மண்ணச்சநல்லூர் அம்மா ஊருக்குப் பஸ் ஏற நகரத்தைக் குறுக்கே கடந்து ஆற்றைத் தாண்ட வேண்டும் என்பது ஒரு குறை, ஆனால் புதுக்கோட்டை, மணப்பாறைச் சில்லறைக்காரர்களுக்கு இது கள்ளிக்குடியைவிட எவ்வளவோ மேல். இந்தத் தடவை நடக்கக்கூடும் என்று நான் நம்புகிறேன்.

நடக்க வேண்டுமானால், அடித்தளம் போடும்போதே செய்ய வேண்டியவை உண்டு. தக்காளி, உருளை, இலை, தேங்காய், பூ என்று எந்த மண்டியும் பிந்தாமல் ஒரே இரவில் மாற வேண்டும், அந்தத் தேதியை வியாபாரிகளே கூடிக் குறிக்க வேண்டும். எந்தக் கடைக்குப் பக்கத்தில் எந்தக் கடை என்பதைக் குலுக்கலில் விடாமல், இன்று சந்தில் அடுத்தடுத்து இருப்பவர்களை அங்கேயும் அடுத்தடுத்து வைக்க வேண்டும். டீக்கடைக்காரருக்கும் சாக்குக் கடைக்காரருக்கும் தராசு பழுது பார்ப்பவருக்கும் முதல் நாளே இடம் வேண்டும், அவர்களுக்குக் கட்டுப்படியாகும் வாடகையில். லோடுமேன்கள் பலர் காந்தி மார்க்கெட்டைச் சுற்றிய தெருக்களில் குடியிருப்பதாகச் சொன்னார்கள். ராத்திரி பதினொரு மணிக்கு வீட்டிலிருந்து நடந்து வேலைக்கு வருகிறார்கள், விடிந்ததும் நடந்து போகிறார்கள். அந்த நேரங்களில் பக்கத்திலுள்ள பாலக்கரையிலிருந்து பஞ்சப்பூருக்கு டவுன் பஸ் ஓடுமா, எத்தனை மணிக்கு ஓடும் என்ற அட்டவணையைக் கட்டட வரைபடத்தோடு சேர்த்து இப்போதே வெளியிட வேண்டும்.